மாடித் தோட்டத்துக்குத் தானியங்கி நீர்: டேங்கா, டிரம்மா, சென்சாரா?

தானாகத் தண்ணீர் விடும் அமைப்பு வேண்டும் என்று கடையில் கேட்டால் டைமரை எடுத்து வைப்பார்கள். இணையத்தில் தேடினால் ஈரப்பத சென்சாரில் போய் நிற்கும். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் ஒரு உயரத்தை அளக்க வேண்டும். ஓவர்ஹெட் டேங்கில் பாதித் தண்ணீர் இருக்கும்போது அந்த நீர்மட்டம், செடிப் பைகளின் வாய்மட்டத்தைவிட எத்தனை அடி மேலே இருக்கிறது? நான்கு அடியோ அதற்கு மேலோ இருந்தால் மின்சாரமே இல்லாமல் வேலை முடியும். குறைவாக இருந்தால் பம்ப் வேண்டும். பாதி முடிவு இந்த ஒரு அளவிலேயே வந்துவிடும்.

மீதிப் பாதி, பழுதானால் என்ன ஆகும் என்பது. எந்த டைமரும் ஒருநாள் மக்கர் செய்யத்தான் செய்யும். அப்போது தண்ணீர் வராமல் நிற்கிற அமைப்பும் உண்டு. வந்த தண்ணீர் நிற்காமல் டேங்கையே காலி செய்கிற அமைப்பும் உண்டு. முதல் வகையில் செடி வாடும். இரண்டாவது வகையில் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இருக்காது, மாடித்தளம் ஊறும், மோட்டார் காய்ந்து ஓடினாலும் ஓடும். விலையையும் வசதியையும் ஒப்பிடுகிற பலர் இதை ஒப்பிடுவதில்லை. கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறோம்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்

கணக்குக்கு ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 12க்கு 12 அங்குல குரோ பேக் 40. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, ஓரத்தில் நாலைந்து கீரைப் பைகள். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, தொழுஉரம் கலந்த கலவை. நான்கு அடி உயரத் திட்டின் மேல் 1000 லிட்டர் டேங்க்.

காய்க்கிற தக்காளிச் செடி ஒன்று மார்கழி, தை மாதங்களில் நாளொன்றுக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை கேட்கும். கத்திரி வெயிலில் அதுவே ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆகும். மிளகாய்க்கு அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். ஆக 40 பைக்கு நாளொன்றுக்குக் குளிர்காலத்தில் 30 முதல் 40 லிட்டர், கோடையில் 60 முதல் 70 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாடிக்கு இந்த எண் மாறும். சுவர் வெப்பம், காற்று, கலவையில் நார்க்கழிவின் பங்கு எல்லாம் சேர்ந்து மாற்றும். சரியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மாலையில், ஒரு தக்காளிப் பையிலும் ஒரு மிளகாய்ப் பையிலும் ஒரு கீரைப் பையிலும் மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளையில் சொட்டத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் செய்தால் போதும்.

இதை ஒரே வேளையாக விடாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. நார்க்கழிவு அதிகமுள்ள கலவை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிப் பையின் சுவரைவிட்டு விலகும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே நேராக அடிக்கு இறங்கி ஓடிவிடும். மேலே பார்த்தால் ஈரம், உள்ளே வேர்ப்பகுதி வறட்சி. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கும், பழம் வெடிப்பதற்கும் இப்படிக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் போவது முக்கியக் காரணம். காலை ஐந்தரைக்கு ஒரு முறை, மாலை ஐந்தரைக்கு ஒரு முறை என்று வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். மதியம் வேண்டாம். வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில்தான் முதலில் வெளியே வரும்.

முதல் வழி: டேங்க், டைமர், சொட்டுநீர்க் குழாய்

உயரம் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் இதில்தான் தவறான சாமான் வாங்குவதும் அதிகம். காரணம் அழுத்தம்.

10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். நம் கணக்கில் டேங்க் பாதி நிரம்பியிருக்கும்போது நீர்மட்டம் தளத்திலிருந்து சுமார் 1.7 மீட்டர். பையின் வாய் 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மீதி 1.25 மீட்டர், அதாவது 0.125 பார். கடையில் விற்கும் டிரிப்பரில் (தண்ணீரைச் சொட்டாக விடும் முனை) மணிக்கு 4 லிட்டர், 8 லிட்டர் என்று எழுதியிருப்பது ஒரு பார் அழுத்தத்துக்கான அளவு. அழுத்தம் குறையும்போது பாய்ச்சல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். அதனால் 4 லிட்டர் டிரிப்பர் நம் மாடியில் ஒன்றரை லிட்டர்கூடத் தராது. 8 லிட்டர் டிரிப்பர் 3 லிட்டர் அளவு தரும். அதனால் 8 லிட்டர் டிரிப்பரையே வாங்குங்கள், சாதாரண வகையில். அழுத்தத்தைத் தானே சமன் செய்துகொள்ளும் டிரிப்பர் என்று ஒன்று கூடுதல் விலைக்குக் கிடைக்கும். வயலுக்கு அது அருமையானது. அரை பாருக்குக் குறைவான அழுத்தத்தில் அதன் உள்ளே இருக்கும் ரப்பர்ச் சவ்வு ஒழுங்காக வேலை செய்யாது. டேங்க் தண்ணீருக்கு அது வீண்.

இணையத்தில் செட்டாக விற்கும் பெட்டிகளில் தலையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிரிப்பர்தான் இருக்கும். குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் வரும் என்பது அதன் நல்ல குணம். 40 தலைகளைத் திருகிச் சமப்படுத்திப் பாருங்கள், ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். அரைத் திருகில் சொட்டு, முக்கால் திருகில் பீய்ச்சல். பத்துப் பைக்குச் சரி, நாற்பதுக்குச் சரிப்படாது.

டிரிப்பரே இல்லாமல் 1.2 மி.மீ. உள்விட்டமுள்ள மெல்லிய மைக்ரோ டியூபை மட்டும் வைத்தும் செய்யலாம். ஒரு மீட்டர் நீர் உயரத்தில் ஒரு மீட்டர் நீளத் துண்டு மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தரும். நீளத்தைப் பாதியாக்கினால் பாய்ச்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். தக்காளிக்கு அரை மீட்டர், மிளகாய்க்கு 80 செ.மீ., கீரைக்கு ஒரு மீட்டர் என்று கத்தரிக்கோலாலேயே அளவு வைத்துவிடலாம். மிஞ்சும் நீளத்தைப் பையைச் சுற்றிவிட்டால் போதும். குறை ஒன்று உண்டு. டிரிப்பரில் நீர்மட்டம் பாதியானால் பாய்ச்சல் முப்பது சதவீதம்தான் குறையும். மைக்ரோ டியூபில் அதுவும் பாதியாகிவிடும். டேங்கின் மட்டம் ஏறி இறங்குவது இதில் நன்றாகவே தெரியும்.

அந்த ஏற்ற இறக்கத்துக்கும், பழுதானால் டேங்க் காலியாகும் பயத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து இருக்கிறது. வீட்டுக்குப் போகும் குழாயிலிருந்தோ டேங்கின் அடியிலிருந்தோ கிளை எடுக்காதீர்கள். டேங்கின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) போட்டுத் துளையிட்டு முக்கால் அங்குல டேங்க் நிப்பிள் வையுங்கள். உள்ளேயும் வெளியேயும் ரப்பர் வாஷர் போட்டு இறுக்கினால் ஒழுகாது. டைமர் திறந்தபடியே நின்றுவிட்டாலும் பாதி டேங்க் தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். நீர்மட்டம் பாதிக்கும் முழுமைக்கும் இடையில் இருக்கும்போது மட்டுமே தோட்டத்துக்குப் பாயும் என்பதால் டிரிப்பரில் பாய்ச்சலின் வித்தியாசம் இருபது சதவீதத்துக்குள் அடங்கும். அடியில் படியும் வண்டலும் குழாய்க்குள் வராது. பிளம்பருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால் தினமும் பாதிக்குக் கீழே இறங்கும் டேங்க் என்றால் டைமர் திறக்கும் நேரத்துக்கு முன்பே மோட்டார் போட்டு நிரப்பும் வழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் டைமர் திறக்கும், தண்ணீர் வராது.

டைமர் வாங்கும்போது உள்ளே இருப்பது பால் வால்வா (பந்து வால்வு), மின்காந்தத்தால் திறக்கும் சோலனாய்டா என்று கேளுங்கள். சாதாரண சோலனாய்டு வால்வு தன் சவ்வை நகர்த்தத் தண்ணீரின் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. டேங்க் அழுத்தத்தில் அது திறக்காது, அல்லது திறந்ததை முழுசாக மூடாது. சின்ன மோட்டார் வைத்துப் பந்தைத் திருப்பும் பால் வால்வு டைமர்தான் வேண்டும். பெட்டியில் பூஜ்ஜிய அழுத்தத்திலும் வேலை செய்யும் என்று போட்டிருக்கும். இரண்டு பேட்டரியில் ஓடும். விலை சுமார் ரூ. 1,500 முதல் 3,500 வரை. வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள். தண்ணீர் ஓடும்போது பேட்டரியைக் கழற்றுங்கள். தானாக மூடிக்கொண்டால் நல்லது. திறந்தபடியே நின்றால், பேட்டரி இறங்கும் நாளில் உங்கள் டைமர் என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டது. அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். பேட்டரியைத் தேதி எழுதி மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் சரி. டைமரின் முகத்தில் நேர் வெயில் படக்கூடாது. இரண்டு கோடையில் எண்கள் தெரியாமல் போய்விடும்.

சாமான் வரிசை இதுதான். டேங்க் நிப்பிள், கையால் மூடும் பால் வால்வு, முக்கால் அங்குல 120 மெஷ் ஃபில்டர், டைமர், அதன்பின் பைகளின் வரிசை நெடுக ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாய் 25 மீட்டர். ஃபில்டர் டைமருக்கு முன்னால் வர வேண்டும். மணல் துகள் ஒன்று பந்தில் சிக்கினால் வால்வு மூடாது. லேட்டரலில் 3 மி.மீ. துளை போட்டு, 4 மி.மீ. டியூபுக்கான கனெக்டரைச் செருகி, அதன் முனையில் டிரிப்பர். 40 பைக்கு 4 மி.மீ. டியூப் 20 முதல் 25 மீட்டர் பிடிக்கும். கனெக்டரும் டம்மி அடைப்பானும் பத்துப் பத்துக் கூடுதலாக வாங்குங்கள், துளை தப்பாகப் போகும். ஒளி ஊடுருவும் வெள்ளை டியூப் வேண்டாம். உள்ளே பாசி பிடிக்கும், கறுப்பே வாங்குங்கள். டைமரைத் தவிர்த்த மற்றவை எல்லாம் ரூ. 1,500 முதல் 2,000க்குள் அடங்கும். சொட்டுநீர்ப் பாசனச் சாமான் விற்கும் விவசாயக் கடையில் வாங்கினால் மீட்டர் கணக்கில் தருவார்கள்.

பைப்பை வளைக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குழாய் டேங்கிலிருந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கும். ஒரு பார் அழுத்தம் அதைத் தள்ளிவிடும், நம்மிடம் இருக்கும் எட்டில் ஒரு பங்கு பார் தள்ளாது. ஒரு வரிசை மட்டும் காய்ந்துகொண்டே இருந்தால் அடைப்பைத் தேடும் முன் மேட்டைத் தேடுங்கள்.

லேட்டரலின் கடைசி முனையை அடைக்கும் எண்ட் கேப் போடும் முன் ஐந்து நிமிடம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிளாஸ்டிக் துருவல் எல்லாம் வெளியேறட்டும். பிறகு முதல் பை, நடுப்பை, கடைசிப் பை மூன்றிலும் டிரிப்பரை டம்ளருக்குள் விட்டுப் பத்து நிமிடம் பிடியுங்கள். அரை லிட்டர் அளவு வர வேண்டும். கடைசியில் 400 மி.லி.க்குக் கீழே போனால் லேட்டரலின் ஒரு முனையில் தண்ணீர் கொடுப்பதை விட்டுவிட்டு, நடுவில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டு பக்கமும் பிரியுங்கள். மணிக்கு 3 லிட்டர் என்ற கணக்கில் கோடையில் காலை 18 நிமிடம், மாலை 15 நிமிடம். குளிர்காலத்தில் காலை 15 நிமிடம் மட்டும் என்று தொடங்கலாம். தக்காளிக்கு இன்னும் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள், அந்தப் பைக்கு இரண்டாவது டிரிப்பர் போடுங்கள். நேரத்தைக் கூட்டினால் மிளகாய்தான் அழுகும்.

இரண்டாம் வழி: டிரம், பம்ப், டைமர் ஸ்விட்ச்

டேங்க் தளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அல்லது அடுக்ககத்தில் டேங்கைத் தொட அனுமதி இல்லை, அல்லது அரிசி களைந்த தண்ணீரையும் ஆர்.ஓ. கழிவு நீரையும் சேர்த்துவைத்துப் பாய்ச்ச விருப்பம் என்றால் இந்த வழி. (ஆர்.ஓ. கழிவில் உப்பு அதிகம். பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலக்காமல் விடக்கூடாது.)

இதன் பெரிய பலம், இழப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பதே. டிரம்மில் 100 லிட்டர் இருந்தால், எது கெட்டாலும் போவது 100 லிட்டர்தான். அதனாலேயே டிரம்மைத் தானாக நிரப்பும் மிதவை வால்வு வைக்க வேண்டாம் என்போம். அதை வைத்த மறுநிமிடம் அந்த எல்லை போய்விடுகிறது. இரண்டு நாளைக்கு ஒரு முறை கையால் நிரப்புவது பெரிய வேலை இல்லை. 200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோ. தளத்தின் நடுவில் வைக்காமல் பீம் போகும் ஓரமாக வையுங்கள்.

பம்ப் இரண்டு வகை. மலிவானது ஏர் கூலர் பம்ப். 18 வாட் பம்ப் ஆறடிக்குள்தான் தண்ணீரை ஏற்றும். மைக்ரோ டியூபுக்கும் திருகு டிரிப்பருக்கும் அது போதும். ஆனால் அது 230 வோல்ட்டில் தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிறது. டிரம்முக்குள் கைவிட்டு இலையை எடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மின்கசிவு கண்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத மாடி லைனில் இதைப் போடவே கூடாது. காய்ந்து ஓடினால் எரிந்தும் போகும்.

எங்கள் தேர்வு, பேட்டரி ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். மருந்து தெளிக்கும் கருவி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நிமிடத்துக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் தள்ளும். ஐந்து ஆம்பியர் அடாப்டர் போதும். 40 பைக்கு 4 லிட்டர் டிரிப்பர் போட்டால் மணிக்கு 160 லிட்டர், நிமிடத்துக்கு 2.7 லிட்டர். பம்பின் அளவோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. இங்கே அழுத்தம் இருப்பதால், முதல் வழியில் வேண்டாம் என்று சொன்ன அழுத்தம் சமன் செய்யும் டிரிப்பரைத் தாராளமாக வாங்கலாம். பை ஐந்தடி மேலே தொங்கினாலும் தரையில் இருந்தாலும் ஒரே அளவு சொட்டும்.

பைகள் பதினைந்து, இருபது என்று குறைவாக இருந்தால் பம்ப் தள்ளுவது அதிகமாகி, அதன் அழுத்த ஸ்விட்ச் கட கடவென்று விழுந்து விழுந்து எழும். இப்படியே விட்டால் சில மாதங்களில் ஸ்விட்ச் போய்விடும். பம்புக்கு அடுத்து ஒரு டீ போட்டு, சின்ன வால்வு வழியாக மிச்சத் தண்ணீரை டிரம்முக்கே திருப்பிவிடுங்கள். சத்தம் நிற்கும் வரை வால்வைத் திறந்தால் அளவு சரி.

இந்த வழியில் பலரைக் குழப்புவது சைஃபன். பம்ப் நின்றபிறகும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் டிரம் காலி, பை எல்லாம் சேறு. டைமர் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கூடப் பார்ப்பார்கள். டிரம்மின் நீர்மட்டம் டிரிப்பரைவிட மேலே இருந்தால், பம்ப் தொடங்கிவைத்த ஓட்டத்தைப் புவியீர்ப்பு தொடர்ந்து நடத்தும். கூலர் பம்ப் இதைத் தடுக்கவே தடுக்காது. டயாஃப்ரம் பம்பும் முழுமையாகத் தடுக்காது. டிரம்மைப் பைகளைவிடத் தாழ்வாக வைப்பது ஒரு தீர்வு. முடியாவிட்டால் குழாயை டிரம்முக்கு மேலே ஓரடி உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் ஒரு 4 மி.மீ. கனெக்டரைச் செருகி, அதிலிருந்து ஒரு சிறு டியூபை டிரம்மின் வாய்க்குள் தண்ணீரைத் தொடாமல் விடுங்கள். பம்ப் ஓடும்போது கொஞ்சம் தண்ணீர் திரும்ப விழும். நின்றதும் காற்று உள்ளே போய் ஓட்டம் அறுந்துவிடும்.

டைமர் ஸ்விட்சில், கடிகாரம்போல் சுற்றும் முள் டைமர் மலிவு. ஆனால் அதில் ஒரு பல் 15 நிமிடம், அதற்குக் குறைக்க முடியாது. கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுபோகும். இரண்டு மணி நேரம் மின்தடை என்றால் அன்று முதல் எல்லா வேளையும் இரண்டு மணி தள்ளிப்போகும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்தான் நமக்கு ஆகும். வைஃபை பிளக் போடுவதென்றால் அதன் அமைப்பில், மின்சாரம் திரும்ப வரும்போது அணைந்த நிலையில் இருக்க வேண்டும் என்று தேர்ந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்தவுடன் நடுராத்திரியில் பம்பும் ஓடும்.

டிரம் காலியானால் பம்பை நிறுத்த மிதவை ஸ்விட்ச் போடலாம். கட்டைவிரல் அளவுள்ள அந்தச் சின்ன மிதவை அரை ஆம்பியர் அளவுதான் தாங்கும். பம்ப் இழுப்பது மூன்று ஆம்பியர். நேராக வயரிங் செய்தால் மிதவையின் தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வேண்டும்.

மூன்றாம் வழி: ஈரப்பத சென்சார்

மண் காய்ந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் சிக்கல், 40 பையில் எந்தப் பை? தக்காளிப் பையில் குத்தினால் மிளகாய்க்கு அதிகமாகும், நிழலில் இருக்கும் பையில் குத்தினால் வெயில் ஓரம் காயும். இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். சென்சார் மண்ணிலிருந்து சற்று மேலே வந்துவிட்டாலோ, நார்க்கழிவில் அதைச் சுற்றி இடைவெளி விழுந்தாலோ அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: காய்ந்திருக்கிறது. பம்ப் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். அணில் ஒயரைக் கடித்தாலும், எந்தப் பக்கம் அறுந்தது என்பதைப் பொறுத்து, இதே கதிதான்.

அதனால் சென்சாரைக் கட்டளையிட விடாதீர்கள், தடுக்க மட்டும் விடுங்கள். நேரத்தை டைமர் முடிவு செய்யட்டும். மண் ஈரமாக இருந்தால் அந்த வேளையைத் தவிர்ப்பது மட்டுமே சென்சாரின் வேலை. சென்சார் எப்படிக் கெட்டாலும் வழக்கமான தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டும் போகாது. மழைக்காலத்தில் அது உண்மையில் உதவுவதும் இந்த வேலைக்குத்தான்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்குச் சில நுணுக்கங்கள். இரண்டு கால் முள்கரண்டி வடிவில் மலிவாக வரும் சென்சார் மின்பகுப்பில் சில வாரங்களில் அரித்துவிடும். கப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள். அதிலும் பலகையின் வெட்டு ஓரங்கள் வழியே ஈரம் ஏறும் என்பதால் ஓரங்களுக்கும் மேலே உள்ள பாகங்களுக்கும் நெயில் பாலிஷோ எபாக்ஸியோ இரண்டு பூச்சு கொடுக்க வேண்டும். எண்களை இணையத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கலவை வாடும் நிலையில் ஒரு அளவு, நன்றாக ஊற்றி வடிந்த ஒரு மணி நேரம் கழித்து ஒரு அளவு எடுத்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். சென்சாரைப் படித்துப் பம்பை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஈஎஸ்பி8266இல் அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்றுதான். இரண்டு பையில் சென்சார் வேண்டுமென்றால் ஈஎஸ்பி32 எடுங்கள். ரிலேக்களில் பல, உள்ளீடு தாழ்ந்தால் இயங்கும் வகை. பலகை ஆன் ஆகும் நொடியில் தப்பான பின்னில் இணைத்திருந்தால் பம்ப் ஒரு உதறு உதறும். நோட்எம்சியூவில் (ஈஎஸ்பி8266 பொருத்தி வரும் பலகை) டி1, டி2 பின்கள் பாதுகாப்பானவை. பம்பின் இரு முனைக்கும் குறுக்கே 1என்4007 டயோடு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் நிற்கும்போது எழும் மின்னதிர்வில் பலகை ரீசெட் ஆகும். நிரலில் எது எப்படிப் போனாலும் ஒரு ஓட்டம் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று ஓட்டம் என்ற உச்சவரம்பை எழுதாமல் மாடியில் விடாதீர்கள்.

பொழுதுபோக்காகச் செய்பவருக்கு நல்ல வேலை. செடி வளர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இதை விட்டுவிடலாம்.

திரியும் பானையும்

பத்துத் தொட்டிக்குள் என்றால் மேலே சொன்ன எதுவுமே தேவையில்லை. பாலியஸ்டர் அல்லது நைலான் கயிற்றைத் திரியாக வைத்து, மூடியிட்ட பக்கெட்டிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றலாம். பருத்திக் கயிறு மக்கிவிடும். தண்ணீர் ஏறும் உயரம் ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பக்கெட் காலியானால் நிற்கும், வெள்ளம் வராது. ஆனால் தக்காளியின் கோடைத் தாகத்துக்குத் திரி ஈடுகொடுக்காது. கீரை, புதினா, அழகுச் செடிகளுக்கு ஏற்றது. போர்வெல் தண்ணீர் என்றால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதம் ஒரு முறை மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். பக்கெட்டின் வாய் திறந்திருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு வளர்ந்து வெளியே வரும். திரி நுழையும் துளையைத் தவிர மற்றதெல்லாம் மூடியிருக்க வேண்டும்.

மெருகு போடாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நிரப்புவது தரையில் நிற்கும் கறிவேப்பிலை, முருங்கை, மாங்கன்றுக்குச் சிறப்பு. குரோ பேக்கில் பானை வைத்தால் வேருக்கு இடமிருக்காது. குளுக்கோஸ் டியூபைத் தொங்கவிடும் வழக்கமும் இருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் தளர்ந்து, உருளைப் பிடி நழுவி, காலையில் வைத்த சொட்டு மாலையில் இருக்காது. இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம்.

ஓடத் தொடங்கிய பிறகு

எந்த வழியானாலும் அடைப்புதான் நிரந்தர எதிரி. குறைந்த அழுத்தத்தில் ஃபில்டர் பாதி அடைத்தாலே தோட்டம் காயும் என்பதால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வலையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். மாதம் ஒரு முறை எண்ட் கேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். கடினத்தன்மை அதிகமுள்ள போர்வெல் தண்ணீரில் சில மாதங்களில் டிரிப்பர் வாயில் சுண்ணாம்பு கட்டும். கழற்றி வினிகரில் ஒரு இரவு ஊறவைத்தால் கரையும். பஞ்சகவ்யா, மீன் அமிலம், ஜீவாமிர்தம் எதையும் எவ்வளவு வடிகட்டினாலும் இந்தக் குழாயில் விடக்கூடாது. அவற்றைக் கையால் ஊற்றுவதே சரி.

கோடையில் அணிலும் காக்கையும் 4 மி.மீ. டியூபைக் கடித்தும் பிடுங்கியும் போடும். தாகம்தான் காரணம். ஒரு சின்னத் தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றினால் குழாய்க்குச் சேதம் வெகுவாகக் குறைகிறது.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் டைமரை நிறுத்திவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள்; ஈரத்தில் கசிந்து தகடு அரிக்கும். மார்கழியில் மறுபடி தொடங்கும்போது ஃபில்டர், எண்ட் கேப், டம்ளர் சோதனை மூன்றையும் புதிதாகச் செய்யுங்கள்.

ஊருக்குப் போவதற்காகத்தான் இதெல்லாம் என்றால், கிளம்பும் முந்தைய நாள் மாட்டுவது ஆபத்து. பத்து நாள் முன்பே ஓடவிட்டு, கடைசி மூன்று நாள் தோட்டத்தில் கையே வைக்காமல் பாருங்கள். எந்தப் பை காய்கிறது, எது ஊறுகிறது என்று அதில் தெரிந்துவிடும். போகும் அன்று புதுப் பேட்டரி போட்டு, டேங்கின் கை வால்வை, டம்ளரில் பிடிக்கும் தண்ணீர் பாதியாகும் வரை மூடிவைத்துவிட்டு, டைமரின் நேரத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள். டைமர் திறந்தபடி நின்றுவிட்டால், பாதி டேங்க் இறங்க இன்னும் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பக்கத்து வீட்டில் சாவி இருந்தால் அந்த நேரம் போதும்.